வளைவில் அணையும் கார்

மாலை ஏழு மணி இருக்கும். கல்குவாரிக்குப் பின்னால் போகும் சாலை... விளக்கும் கிடையாது, வீடும் கிடையாது. என் நண்பனின் அத்தான் அங்கே போனார். கார் மெக்கானிக். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

கூப்பிட்டது ஒரு நர்ஸ். போன வருடம் அவள் கணவர் இறந்தது அந்தச் சாலை வளைவில்தான். நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டார். காரை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. முன்பக்கத்தைச் சரிசெய்து அவளே ஓட்டுகிறாள். ஆனால் அந்த வளைவு வந்தால்... இன்ஜின் அணைந்துவிடுகிறது. அன்றும் அப்படித்தான் அங்கே நின்றுவிட்டது.

அத்தான் ஸ்கேனரைச் செருகினார். P0335 என்று ஒரு பழுதுக் குறியீடு வந்தது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். குறியீடு வந்ததுமே சென்சாரை மாற்றிவிடுகிற ஆள் இல்லை அவர். ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவினார். எங்கும் அறுபடவில்லை. பிளக்கிலும் துரு இல்லை. பிறகு சென்சாரைக் கழற்றினார், ஒயரைப் பிடுங்காமல். சூடான ஆயில் வாடை. உலோகம் ஆறும் சத்தம்... டிக்... டிக்...

ஸ்கேனரைப் பார்த்தார். இன்ஜின் ஓடவில்லை. சென்சார் அவர் கையில் இருக்கிறது. சுற்று வேகம் பூஜ்யம்தானே காட்ட வேண்டும்? எண்ணூறு காட்டியது. பிறகு இரண்டாயிரம்... ஏறிக்கொண்டே போனது. சாவியை உருவினார். அப்போதும் எண் நிற்கவில்லை. மூவாயிரத்தைத் தாண்டி... சட்டென்று பூஜ்யம்.

பின்னால் நின்ற நர்ஸும் அதைப் பார்த்துவிட்டாள்.  மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, இது அவரு கடைசியா ஓட்டினதுதானே? அதுல பிரேக் போட்டது தெரியுமா?"

தெரியும் என்றார்.

"அன்னைக்கு என்கூட சண்டை போட்டுட்டுத்தான் கிளம்பினாரு. தூங்கிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு... அவரு பிரேக் போட்டாரான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

அந்த எண்ணுக்குக் கீழேயே பிரேக் வரி இருந்தது. கடைசிவரை அது 'ஆஃப்' என்பதிலிருந்து மாறவே இல்லை. அத்தான் திரையைத் தன் மார்போடு சேர்த்துக் கவிழ்த்துக்கொண்டார்.

"போட்டாரும்மா. நல்லா அழுத்தி மிதிச்சிருக்காரு."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.  அத்தான் சென்சாரை மாட்டி, குறியீட்டை அழித்தார். முதல் திருகலிலேயே கார் கிளம்பியது. அவள் போய்விட்டாள்.

அத்தான் வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போது போன் அடித்தது.

"நல்லபடியா வந்துட்டேண்ணே. வழியில பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி அலாரம் கத்திக்கிட்டே இருந்துச்சு. வண்டிய ஓரமா நிறுத்தி மாட்டிவிட்டேன்."

குரலில் கொஞ்சமும் பயமில்லை. தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவதுபோல்... தணிந்த குரல்.

"கார்லதான் இன்னும் உக்காந்திருக்கேன். பெல்ட்டு சீட்டோட ஒட்டலண்ணே, தள்ளி நிக்குது. மெதுவா... ஏறி ஏறி இறங்குது."