துருப்பிடிக்க வேண்டிய கத்தி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் ஆய்வுக்குழுப் பெரியோர்களே, மறைந்தவரின் துணைவியாரான எங்கள் அண்ணி அவர்களே, கடைசி வரிசையில் பிள்ளைகளோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம்.

நம் நெட்டை டாக்டர் போய்விட்டார். இதய மருத்துவ மேதை, குழந்தைகளின் காவலர் என்றெல்லாம் புகழ்ந்தீர்கள். இருந்தபோது உட்கார ஒரு நாற்காலி போடாதவர்கள், இன்று ஆளுயர மாலையோடு வந்திருக்கிறீர்கள்!

நான் அறுவை மருத்துவன். பிறவியிலேயே உடம்பின் இணைப்புத் திசு தளர்ந்த பிள்ளைகளுக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கொஞ்சம் கொஞ்சமாக விரியும். கிழிந்தால் உயிர் போய்விடும். விரிந்ததை வெட்டித் தைப்பது என் வேலை. விரியும் வேகத்தை மாத்திரையால் குறைக்க முடியுமா என்று பார்த்தது அவர் வேலை.

"டேய், உன் கத்தியைத் துருப்பிடிக்க வைக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்பார்.

"எந்தப் பேரை? நெட்டையையா?" என்பேன். சிரிப்பார்.

புது மருந்தா அது? ரத்தக்கொதிப்புக்கு ஊரே விழுங்கும் பழைய மாத்திரை! பாதிப் பிள்ளைகளுக்கு அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிப் பேருக்கு அதே உருவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. குலுக்கலில் ஒரு வீட்டில் அண்ணனுக்கு ஒரு குழு, தங்கைக்கு வேறு குழு என்று விழுந்துவிட்டது. புட்டிகளில் குழு எழுத்து வேறு வேறாக இருப்பதைக் கண்ட அம்மா என்ன செய்தார்? இரண்டு புட்டியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டார்.

"ஒண்ணு மருந்து, ஒண்ணு மாவுன்னா, யாருக்கு மாவைக் குடுக்கச் சொல்றீங்க சார்? ரெண்டும் நான் பெத்ததுதானே?"

கோபித்தாரா நெட்டை டாக்டர்? "தப்பு உங்க மேல இல்லம்மா. ஒரே வீட்டுல ரெண்டு விதமாக் குடுத்த என் மேலதான்" என்றார். ஒரு வீட்டுக்கு ஒரே குழு என்று ஆய்வு விதியைத் திருத்தினார். நடந்ததைத் தானே போய் ஆய்வுக்குழுவிடம் சொன்னார். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதுபோல், அந்த ஒரு வீட்டைக் காட்டி ஆய்வு முழுவதையும் இழுத்து மூடினீர்களே! மாத்திரை பலிக்காது என்று முடிவு வந்திருந்தால்கூட அவர் நிம்மதியாகக் கண்மூடியிருப்பார். முடிவே வரவில்லை. மறு அனுமதி கேட்டு உங்கள் அறை வாசலில் நடையாய் நடந்தார். போன வாரம் மாரடைப்பு முந்திக்கொண்டது.

அந்தத் தங்கை இதோ, கடைசி வரிசையில் இருக்கிறாள். அவள் தமனி என் கத்திக்குரிய அளவை நெருங்கிவிட்டது. மாத்திரை அதைத் தள்ளிப்போட்டிருக்குமா? தெரியாது! அவள் அம்மாவிடம் அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்து மௌன அஞ்சலிக்கு எழச் சொல்வார்கள். எழுவோம். அவர் விட்டுச்சென்ற ஆய்வை நான் நடத்துவேன். அவர் படத்தின் முன் இது என் வாக்கு. தலைவர் அவர்களே, அனுமதி தருகிறேன் என்று இந்த மேடையிலேயே சொல்லுங்கள். அஞ்சலி முடிந்து எல்லாரும் உட்காருங்கள். நீங்கள் சொல்லும்வரை நான் உட்காரப்போவதில்லை.