நரியோடையைத் திறந்த முத்துவீரன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், எங்கள் நரியோடைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் கண்டனூர் நாகம்மை ஆச்சி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சிப் பெரியவர்களே! கல்லலிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் நடவு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயிகளே, தாய்மார்களே! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், முத்துவீரனின் மனைவி தங்கச்சி காளியாயி, அவர் மகள் பாண்டீஸ்வரி! உங்கள் எல்லாருக்கும் இந்த அழகுசுந்தரத்தின் வணக்கம்.

நம் குழுவின் செயலாளர், ஜேசிபி ஓட்டுநர் முத்துவீரன் நம்மை விட்டுப் போய் இன்றோடு பதினாறு நாள். நாற்பத்தேழு வயது. போகிற வயதா அது? சொல்லுங்கள், போகிற வயதா?

அவரைப் பற்றிப் பேச இந்த ஊரில் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை. ஆனாலும் நானேதான் கேட்டு இந்த ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நிற்கிறேன். ஏனென்றால் சில விஷயங்களை நான் சொன்னால்தான் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம். ஓடைக்கரையில் எனக்கிருந்த எட்டு ஏக்கரை வீட்டுமனையாகப் போட முடிவு செய்தேன். நடுவில் நரியோடை குறுக்கே போகிறது. தண்ணீர் இல்லாத காலம். பார்ப்பதற்கு வெறும் பள்ளம். அதை மூடிச் சமப்படுத்த வண்டி கேட்டேன். அந்த வண்டியை ஓட்டி வந்தவர்தான் முத்துவீரன்.

முதல் நாள் வேலை நடந்தது. இரண்டாம் நாள் காலையில் வண்டிச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. என்னவென்று போய்ப் பார்த்தேன். முத்துவீரன் பள்ளத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் ஆமை. பக்கத்தில் ஏழெட்டு. கோடைக்குச் சேற்றுக்குள் புதைந்து, மழைக்காகக் காத்துக் கிடக்கிற பாலாமைகள்.

“அய்யா, அள்ள அள்ள வருதுங்க. எல்லாம் உசிரோட இருக்கு. இத மூடச் சொல்றீகளே, எப்புடி மூடுறது?” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமை பார்க்கவா உன்னைக் கூப்பிட்டேன்? வண்டியை எடுடா!” என்றேன்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. “என்னால ஆகாதுங்கய்யா. வேற ஆளப் பாத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். சிமெண்டுச் சாக்கில் ஆமைகளை எடுத்துக்கொண்டு பெரிய கண்மாய்ப் பக்கம் நடந்தார். அன்று சாயங்காலமே வண்டியின் சொந்தக்காரரிடம் சொல்லி அவருடைய வேலையைப் போக வைத்தேன். ஆமாம், நான்தான்! மறுநாள் வேறொரு ஆள் வந்தான். மூன்றே நாளில் ஓடை இருந்த சுவடு தெரியவில்லை.

அந்தக் கார்த்திகை மழை உங்களுக்கு மறந்திருக்காது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. வீடுகளில் இடுப்பளவு. ஓடைத் தண்ணீர் வந்து சேராத கண்மாயோ பாதிகூடப் பெருகவில்லை. வருடா வருடம் வருகிற நத்தைகுத்தி நாரைகள் அந்த வருடமும் வந்தன. மூன்று நாள் கருவேல மரங்களில் உட்கார்ந்திருந்தன. நாலாம் நாள் ஒன்றுகூட இல்லை.

கீழத்தெரு ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் கம்பு இருந்தது. அவர்கள் கோபத்தில் என்ன தப்பு? அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். தன் வீட்டுக் கோழிகளையும் நெல் மூட்டைகளையும் அந்த வெள்ளத்தில் பறிகொடுத்தவர். என்னால் வேலையை இழந்தவர். முத்துவீரன்!

“இவுகள அடிச்சா தண்ணி வடிஞ்சிருமா? மண்ணத் தோண்டுனாத்தான் வடியும். அங்குட்டுத் தள்ளி நில்லுங்கப்பா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் தோண்டிருறேன்.”

அதுவரை ‘அய்யா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தலை குனிந்து நின்றபோதுதான் ‘அண்ணே’ என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். கொட்டுகிற மழையில், இரவல் வாங்கி வந்த வண்டியில், ஒரே பகலில் ஓடையைத் திறந்தார். தண்ணீர் தெருவை விட்டு இறங்கியது.

அந்த வாரம்தான் நம் குழு பிறந்தது. ஆச்சி மனு எழுதினார்கள். அதைக் கொடுக்க நானும் உடன் போனேன். மேல்பகுதியில் மூன்று கிலோமீட்டருக்கு ஓடை குப்பையிலும் சீமைக்கருவேலத்திலும் தூர்ந்து கிடந்தது. அளக்க வந்த அதிகாரி, “இங்கே ஓடையே இல்லையே, வண்டிப்பாதைதானே இருக்கிறது?” என்றார். முத்துவீரன் மண்வெட்டியை எடுத்தார். மூன்றடி தோண்டினார். செம்மண்ணுக்கு அடியில் கறுப்பு வண்டல் வந்தது. கை நிறைய நத்தை ஓடுகளை அள்ளி அதிகாரியிடம் நீட்டினார். “சார், வண்டிப்பாதையில நத்தை இருக்குமா?” அதிகாரி சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார்.

எத்தனை மாதம்! எத்தனை வெயில்! நூறுநாள் வேலைப் பெண்கள் முள்ளை வெட்டுவார்கள், முத்துவீரன் வேரைப் பெயர்ப்பார். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வண்டியின் வாளி இறங்குவதற்கு முன்னால் அவர் இறங்குவார். ஒரு குச்சியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஆமை இருந்தால் எடுத்து ஓரமாக விடுவார். பிறகுதான் ஏறி உட்காருவார். “இப்படி வேலை பார்த்தால் எப்போது முடியும்?” என்று நான் சலித்துக்கொண்டதுண்டு. “அதுக இருக்கதுக்குத்தானண்ணே தோண்டுறோம்” என்பார்.

போன வருடம் கண்மாய் கரை தொட்டது. நாரைகள் முந்நூறுக்கு மேல் கூடு கட்டின. மகள் பாண்டீஸ்வரிதான் எண்ணிச் சொன்னது. கரையில் நின்று முத்துவீரன் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன்.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

ஓடையைத் தாண்டி என் மனைக்குப் போகிற பாதைக்கு அடியில், தண்ணீர் போவதற்காக, திறந்த வருடமே நான் ஒற்றைச் சிமெண்டுக் குழாயைப் பதித்தேன். “அண்ணே, இது பத்தாது. பாலமாப் போட்டுருவோம்” என்று முத்துவீரன் சொன்னார். “அப்புறம் பார்க்கலாம்” என்றேன். ஒவ்வொரு வருடமும் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

பதினாறு நாளைக்கு முன்னால், மதியம் மூன்று மணி. மரக்கிளையும் பாலிதீனும் அந்தக் குழாயை அடைத்துக்கொண்டன. தண்ணீர் மறுபடியும் கீழத்தெருப் பக்கம் திரும்பியது. கரை இளகியிருந்ததால் வண்டி உள்ளே வரவில்லை. முத்துவீரன் கடப்பாரையோடு இறங்கினார்.

“கயிறு கட்டிக்கப்பா!” என்று கத்தினேன்.

“கொப்புல சிக்கிக்கிரும்ணே. இந்தா, ரெண்டு குத்துதான்.”

இரண்டாவது குத்தில் அடைப்பு உடைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் பாதைக்கு மறுபுறம் ஓடினேன். கிளைகள் வந்தன. பாலிதீன் வந்தது. அவர் வரவில்லை. தெருவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை, அய்யா! ஒரு வீடு நனையவில்லை! ஆனால் அந்த மனிதர்? கண்மாய் முகத்தில், நாரைகள் கூடு கட்டியிருக்கிற மரங்களுக்கு அடியில், அவரை எடுத்தோம். அந்தப் பதைப்பில் எங்களில் எவருக்கும் அழக்கூட வரவில்லை. தங்கச்சி காளியாயி ஓடி வந்த பிறகுதான் ஊரே கதறியது.

அவருக்குச் சிலை வைக்கலாம், கண்மாய்க்கு அவர் பெயரை வைக்கலாம் என்று குழுவில் பேசினோம். தங்கச்சியிடம் போய்க் கேட்டேன். அது சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “செலை கிலை எதுவும் வேண்டாம்ணே. அந்தக் குழாய எடுத்துருங்க. இன்னொருத்தி வீட்டு ஆம்பள அதுக்குள்ள போகக் கூடாது.”

சபையோரே! அந்தக் குழாயை எடுக்க எழுத்துப்பூர்வமான அனுமதி ஆச்சி கையில் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு உடைக்கிறோம். அங்கே பாலம் வரும்வரை பாதை கிடையாது, மனையும் கிடையாது. என் நிலத்தில் ஓடையின் இரு கரையையும் ஒட்டிய பகுதியை ஓடைக்கே விட்டுவிட ஊராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு கோடையிலும் தூர் எடுப்போம். வாளி இறங்கும் முன்னால் நாம் இறங்குவோம். செய்வோமா? கையை உயர்த்திச் சொல்லுங்கள், செய்வோமா? நன்றி. முடிந்தவர்கள் நாளைக்கு மண்வெட்டியோடு வாருங்கள். முடியாதவர்கள் சும்மா வந்து நின்றாலும் போதும்.

கடைசியாக ஒன்று. ஆறு வருடம் அவரோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரே மரத்தடியில் படுத்திருக்கிறேன். அன்றைக்கு ‘டா’ போட்டு விரட்டியதற்காக ஒருநாளும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. எப்படியும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

உன் பெண்சாதி, பிள்ளை முன்னால், ஊர் முன்னால் சொல்கிறேன், முத்துவீரா. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிருப்பா.