மூன்றாம் அறை முட்டை

பொரித்த அன்றே ஒரு கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தால் யாருக்கும் கோபம் நிற்காது. வேண்டுமானால் நீங்களே முயன்று பாருங்கள். கால் நகங்கள் உள்ளங்கையில் குறுகுறுக்கும், அலகு உங்கள் மோதிரத்தைக் கொத்தும், வாய்வரை வந்த வசவு அப்படியே உள்ளே போய்விடும். நான் கோபக்காரன் அல்ல என்று சொல்லத்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை.

என் வேலை கோழியின் குடல். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பழகிவிட்டது. தாயோடு வளரும் குஞ்சு, தாய் கிளறிய மண்ணையும் அதில் கிடக்கும் எச்சத்தையும் கொத்தித் தின்னும். தாயின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அப்படித்தான் குஞ்சின் வயிற்றில் குடியேறுகின்றன. அதுதான் அதற்குக் கிடைக்கும் சீர்வரிசை. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்கு ஏது தாய்? அதன் குடல் காலி வீடு. முதலில் நுழைகிறவன் பாயை விரித்துவிடுவான். பெரும்பாலும் அது சால்மொனெல்லா என்ற கிருமியாகத்தான் இருக்கும். கோழிக்கு அதனால் ஒரு குறையும் வராது, அது பாட்டுக்கு மேயும், முட்டையிடும். முட்டையைத் தின்கிறவனுக்குத்தான் வினை.

நல்ல தாய்க்கோழிகளின் குடலிலிருந்து அந்த நுண்ணுயிர்களைப் பிரித்து, வளர்த்து, உலர்த்தித் தூளாக்கினேன். தண்ணீரில் கலந்து குஞ்சுகள்மேல் தெளித்தால் போதும். கெட்டது வருவதற்குள் நல்லது துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். ஆய்வகத்தில் அதற்குத் தாய்த்தூள் என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள், எனக்குப் பிடித்துப்போயிற்று. என் மகளும் அந்தத் தூளும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. மகளை வீட்டில் கீச்சு என்று கூப்பிடுவோம், குரல் அப்படி. இரண்டில் எது செல்லம் என்று என் மனைவி கேட்பாள். நான் சிரித்து மழுப்புவேன்.

பண்ணையில் மூன்று அறைகள். முதல் அறைக் கோழிகளுக்குக் கிருமியும் இல்லை, தூளும் இல்லை. இரண்டாம் அறைக்குக் கிருமி மட்டும். மூன்றாம் அறைக்குத் தூளும் உண்டு, பிறகு கிருமியும் உண்டு. ஒவ்வொரு கதவுக்கும் வெளியே தனி நிறத்தில் ரப்பர் பூட்ஸ் நிற்கும்: வெள்ளை, சிவப்பு, பச்சை. ஒரு அறையின் பூட்ஸ் இன்னொரு அறைக்குள் போகக்கூடாது. பார்வையிடும்போது வெள்ளை, பச்சை, கடைசியில் சிவப்பு. சிவப்பிலிருந்து திரும்பி வந்தால் கிருமியும் காலோடு வந்துவிடும். கோழிகளைப் பார்த்துக்கொண்டவர் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இயக்குநரையே வாசலில் நிறுத்தியவர். அதனால் அவருக்குப் பூட்ஸ்காரர் என்றே பெயர்.

இப்படியெல்லாம் இருந்தும் மூன்றாம் அறை முட்டைகளில் கிருமி வந்துகொண்டிருந்தது. பரிசோதித்துச் சொன்னவர் எங்கள் கால்நடை மருத்துவர், எல்லோருக்கும் டாக்டரம்மா.

"சார், குறைஞ்சிருக்கு, நான் இல்லைங்கல. ஆனா போகல. போகாத வரைக்கும் இதை வெளிய குடுக்க முடியாது."

"யாரோ சிவப்பு பூட்ஸோட பச்சை ரூமுக்குள்ள போயிருக்காங்க."

"ஒவ்வொரு தடவையுமா சார்?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான்" என்றார்.

நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் வளர்த்த ஒன்றை ஒருவர் சிரித்துக்கொண்டே நோயாளி என்று சொல்லிவிட்டுப் போகிறார். இயக்குநரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். குறைத்தது போதாது, வேலையை நிறுத்திவைப்போம் என்றார். தவறு தூளில் இல்லை, காலில் இருக்கிறது என்று நான் வாதாடினேன். அதை நம்பியதாகக் காட்டிக்கொள்ள அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான், பூட்ஸ்காரரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அவர் என்னிடம் வந்து நின்றார். "என்னை வேற என்ன வேணாலும் சொல்லுங்க சார். பூட்ஸ் மாத்தலன்னு மட்டும் சொல்லாதீங்க. வீட்ல வாசலுக்கு ஒரு செருப்பு, அடுப்படிக்கு ஒரு செருப்பு வெச்சிருக்கேன்னு என் சம்சாரம் என்னைப் பைத்தியம்ங்கறா."

அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் யாரோ கால் மாற்றி வைத்திருக்கிறார்கள். அவர் இல்லையென்றால் வேறு யார்?

ஒவ்வொரு ஆய்வும் முடிந்ததும் முதல் அறை முட்டைகள் எங்கள் உணவகத்துக்குப் போவது வழக்கம். மற்ற இரண்டு அறை முட்டைகள் எரிகலனுக்குப் போகும். முட்டை வரும் நாளில் எல்லோரும் குடும்பத்தோடு வந்து சாப்பிடுவோம். இந்த முறை அதையே பூட்ஸ்காரருக்கு வழியனுப்பு விருந்தாக வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைத் தப்பா நினைச்சிட்டேன் சார்" என்றார்.

முட்டைகளை நானே கொண்டுபோனேன். ரொட்டிக்கு நடுவே தடவ மயோனைஸ் செய்யச் சொன்னேன். பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்வது, அடுப்பே தேவையில்லை. சமையல்காரம்மா தயங்கினார்.

"வேகவைக்காம குழந்தைங்களுக்குக் குடுக்கலாமா சார்?"

"முதல் அறை முட்டைதான்."

"நீங்க சொன்னா சரி. கோழியைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

எலுமிச்சை பிழிய வேண்டாம், பிள்ளைகளுக்குப் புளிப்பு ஆகாது என்றேன். புளிப்பு அதிகமானால் கிருமி சாகும். கிண்ணங்களைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், கெட்டியாகிவிடும் என்றேன். காலையிலிருந்து அவை மேடைமேல் மூடிய நிலையில் இருந்தன.

கிண்ணங்கள் என்று சொன்னேன், கவனித்தீர்களா? இரண்டு இருந்தன. ஒன்றில் மூன்றாம் அறை முட்டை. அதை மட்டும் கொடுத்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வையுங்கள். டாக்டரம்மா என்ன சொல்வார்? அதிர்ஷ்டம் என்பார். ஒப்பிட இன்னொன்று இல்லாமல் எதுவும் நிரூபணம் ஆகாது. இது பள்ளிக்கூடத்துப் பாடம். அதனால் மற்றதில் இரண்டாம் அறை முட்டை.

நான் ஆள் பார்த்துச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் ஒரு குடுவையில் சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும் கலந்து வைத்தேன். எடுத்த நிறத்துக்குரிய மேசையில் உட்கார வேண்டும். விளையாட்டு என்று பிள்ளைகள் குதித்தார்கள். பூட்ஸ்காரருக்குச் சிவப்பு வந்தது. "கடைசி நாளும் இந்தக் கலரா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். டாக்டரம்மாவுக்கும் சிவப்பு. எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

ஒரே ஒரு சீட்டை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தேன். கீச்சுவின் கையில் பச்சைச் சீட்டை வைத்தேன். என் தூள்மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவள் சுத்தக்காரி, என் மகள்தானே. அடுத்தவர் கரண்டியைத் தொடமாட்டாள், விருந்துக்குக்கூடத் தன் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டம் என்றால் கூச்சம் வேறு. விருந்து முடியும்வரை என் சட்டைக் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இன்னொன்னு?" என்றாள். கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன். என் மனைவிக்கு அன்று வேலை, அவள் வரவில்லை.

சிவப்பு மேசைக்காரர்களுக்கு இரண்டு நாள் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய் எனக்கு ஒத்துவராது. நாங்கள் கோழிகளுக்குக் கொடுத்தது சாதாரணக் கிருமி அல்ல. ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்தது, வழக்கமான மருந்துகளுக்கு மசியாதது. முரட்டு எதிரியை வென்றால்தானே வெற்றி? எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். சோதித்து வைத்திருந்தோம்.

மறுநாளே ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சிவப்பு மேசையில் ஏறக்குறைய எல்லோரும். டாக்டரம்மா குழாய் ஏற்றிய கையைத் தூக்கி, "சார், அன்னிக்கு எந்த ரூம் முட்டை?" என்று கேட்டார். "முதல் ரூம்" என்றேன். அங்கே மருத்துவர்கள் ஒரு மருந்தைக் கொடுத்து, கேட்காமல், இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சரியான பெயரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மருந்தால் பிழைத்தவர் யார், தூளால் தப்பியவர் யார் என்று பிரிக்கவே முடியாமல் போயிருக்கும். சிலர் பிழைக்கவில்லை, பூட்ஸ்காரரும் பிழைக்கவில்லை. அவர் கட்டிலுக்கடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் அவருக்கு மரியாதை பண்ணி அனுப்பினீங்க" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை.

பச்சை மேசையிலும் சிலர் படுத்தார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், தட்டுகள் மாறியிருக்கும். என்ன செய்வது, கோழிகளைக் கட்டிமேய்ப்பது இதைவிடச் சுலபம்.

பிறகு கீச்சுவுக்குக் காய்ச்சல் வந்தது.

அப்போதாவது மருந்தின் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். என் மனைவியும் இதையேதான் கேட்டாள், இப்போது பேசுவதை நிறுத்திவிட்டாள். யோசித்துப் பாருங்கள். கீச்சு பச்சை மேசை. அவளுக்கு அந்தக் கிருமி என்று நான் வாயைத் திறந்தால், தூள் தோற்றது என்று நானே சொன்னதாகிவிடும். அது இல்லாத ஒன்று. வேறு ஏதோ காய்ச்சல், இறங்கிவிடும் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிட்டேன். மருத்துவர் என்னிடமே வந்து, நீங்கள் இந்தத் துறைதானே, ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார். ஒன்றும் தோன்றவில்லை என்றேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா? அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தாள். விரல்களை நர்ஸ்தான் பிரித்தெடுத்தாள்.

டாக்டரம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் தன் உடம்பிலிருந்து எடுத்த கிருமியைத் தானே பரிசோதித்துப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். கெட்டிக்காரி. அவர் சொல்லித்தான் நீங்கள் வந்தீர்கள். வராமல் இருந்தாலும் நானே சொல்லியிருப்பேன், முடிவுகளை எழுதி முடித்தபிறகு. பூட்ஸ்காரரையும் மற்றவர்களையும் கொன்றது நான்தான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும்?

ஆனால் மகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாம் அறை முட்டையில் ஒன்றும் இருந்திருக்க முடியாது. "நம்ம கீச்சு அடுத்தவங்க தட்டுல கை வைப்பாளா?" என்று மனைவி கேட்டதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. தாய் மனசு, அப்படித்தான் பேசும். நான் யாரிடமோ பேசத் திரும்பியிருப்பேன், அந்த நேரத்தில் கீச்சு எழுந்து சிவப்பு மேசைக்குப் போய் வந்திருக்கிறாள்.