வாக்குப்பதிவு நாளில் ஒரு சிற்றுலா

முட்டை சாண்ட்விச் செய்தால் ரொட்டியின் ஓரங்களை வெட்டிவிடுவது என் வழக்கம். வயதானவர்களின் பல் செட்டுக்கு அதுதான் நல்லது. அன்று காலையும் வெட்டினேன். ஓரங்களைக் குளத்து வாத்துகளுக்குப் போட்டேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, சார்ஜென்ட். அந்த நாளைப் பற்றி நீங்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. அது இனிமையான நாள்.

டீக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம்.

என் கணவர் நைஜல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வார்டின் மாவட்ட கவுன்சிலராக இருந்தார். கட்சி கிடையாது, சுயேச்சை. கட்டட அனுமதிக் குழு, குப்பைக் குழு, வாகன நிறுத்தக் குழு என்று வாரம் முழுக்க அவருக்குக் கூட்டம் இருக்கும். கடையில் பார்ப்பவர்கள் எல்லாம், "பாவம் ஹிலரி, தனியாவே கெடக்கே" என்பார்கள். நானும் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு தக்காளிச் செடிகளோடு ஆடுவேன். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

போன குளிர்காலத்தில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வீட்டிலேயே இருந்தார்.

"ஹிலரி, இந்த வெண்ணெய் டப்பா இடது பக்கம் எப்படிப் போச்சு? யாரு அனுமதி குடுத்தா?"

"நான்தான் வெச்சேன், நைஜல்."

"இருக்கட்டும். ஆனா மொதல்ல அதை முன்மொழியணும். அப்புறந்தான் வெக்கணும்."

காலை உணவுக்கு நிகழ்ச்சி நிரல் வந்தது. டோஸ்ட் கருகியதைப் பற்றி விவாதம் நடந்தது. விவாதத்தில் நான் குறுக்கிட்டதாகக் கண்டிக்கவும் பட்டேன். ஆறாவது வாரம் அவர் ஊன்றுகோலோடு குப்பைக் குழுவுக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று அழுதேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து என் நெற்றியில் முத்தமிட்டார்.

இந்த மே மாதத் தேர்தலில் ரோவினா டைட் எதிர்த்து நின்றாள். குப்பைத் தொட்டியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதை மாற்றி, வாரந்தோறும் எடுக்கவைப்பேன் என்றாள். எங்கள் ஊரில் கள்ளக் காதலைக்கூட மன்னிப்பார்கள், நிரம்பி வழியும் தொட்டியை மன்னிக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் அவளுடைய இளஞ்சிவப்புச் சுவரொட்டி முளைத்தது.

"இந்தத் தடவை இழுபறிதான், ஹிலரி" என்றார் நைஜல். "போனாப் போகுது. தோத்தா என்ன? இனிமே நாள் பூரா உன்கூடத்தான்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாக்குப்பதிவு நாளில் கார் வைத்திருப்பவர்கள் வயதானவர்களைச் சாவடிக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்கக் கூடாது. கார் வாசலுக்கே வந்துவிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்வதும் மரியாதை இல்லை. நான் நம்பி இறங்கியது இந்த மரியாதையை மட்டும்தான்.

பிர்ச் தெருவில் முதியவர்களுக்கான சிறு வீடுகள் இருக்கின்றன அல்லவா? காலையிலேயே என் ஓட்டைப் போட்டுவிட்டு, இளஞ்சிவப்பு ஒட்டியிருந்த ஜன்னல்களாகப் பார்த்துக் கதவைத் தட்டினேன். ஈனிட், டோரீன் சகோதரிகள் தொப்பியை மாட்டிக்கொண்டு உடனே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு சிரில் ஹாப்டே, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கோட்டும் டையுமாக வந்தார். இப்போதெல்லாம் ஓட்டுப் போடப் படம் ஒட்டிய அட்டை வேண்டுமே. அவரிடம் இருந்த ஒரே படம் முதியோர் பஸ் பாஸில்தான். அதைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"வெயில் எவ்வளவு நல்லாருக்கு! சாவடி ராத்திரி பத்து வரைக்கும் தெறந்திருக்கும். கடற்கரைக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாமா?" என்றேன்.

பின்சீட்டில் சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்குச் சிரமம் இல்லேன்னா சரி கண்ணு" என்றாள் ஈனிட்.

"அக்காவுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள் டோரீன். "இல்லேன்னாலும் என்னை யாரு கேக்கப் போறா?"

"எழுபது வருஷமா கேக்காமயா இருக்கேன்? நீ வாயை மூடினாத்தானே கேக்க."

ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியெல்லாம் சிரிப்பு. உவர்ச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கம்பளம் விரித்தோம். உங்கள் வகுப்பையும் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன், சார்ஜென்ட். நத்தையைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தது நீங்கள்தானே? அங்கே நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். கடல் ஏறும் நேரத்தில் அங்கே தண்ணீர் முன்னாலிருந்து வராது. முதலில் முதுகுக்குப் பின்னால் உள்ள ஓடைகள் நிரம்பும். திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இருக்காது.

சாண்ட்விச் தீர்ந்தது. கேக்கும் தீர்ந்தது. ஈனிட் குறட்டை விட்டாள். மாலை டீ முடிந்ததும் சிரில் எழுந்து டையைச் சரிசெய்தார்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. ஓட்டுச் சாவடிக்கு… நேரமாகுதோன்னு."

"கார் இஞ்சின் சூடாயிடுச்சு, சிரில். ஆறட்டும்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார்.

"மன்னிக்கணும். பதினெட்டு வயசுலேர்ந்து ஒரு தேர்தலும் விட்டதில்ல. இங்கே பஸ் ஏதாச்சும் வருங்களா?"

பஸ் உண்டு. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், தேவாலயத்துக்குக் கீழே நிற்கும். நான் பொய் சொல்லவில்லை.

"அந்தக் கோபுரத்தையே பாத்துட்டு நேராப் போங்க" என்றேன்.

"ரொம்ப நன்றிங்க, டீச்சரம்மா. என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம்!"

"இதுல என்ன சிரமம்?"

வழியில் பசிக்குமே என்று எனக்காக வைத்திருந்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு நடந்தார். தபால்காரர் நடை, தோள் ஒரு பக்கம் சாய்ந்தபடி. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கே தண்ணி மின்னுதே?" என்றாள் டோரீன்.

"வெயில்தான்" என்றேன்.

அவள் கோப்பையை நீட்டினாள். இன்னொரு கோப்பை டீ ஊற்றிக் கொடுத்தேன். திரும்பும்போது நன்றாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழைந்தபோது சாவடி மூடியாயிற்று. சிரிலைப் பற்றி, "முன்னாடியே பஸ்ல வந்திருப்பாரு" என்றாள் ஈனிட். அருமையான நாள் என்று இருவரும் என் கன்னத்தில் முத்தமிட்டார்கள்.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை விளையாட்டு மையத்தின் பூப்பந்து அரங்கில் நடந்தது. நைஜலுக்கும் ரோவினாவுக்கும் சமமான ஓட்டு. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சமம். சட்டப்படி குலுக்கல்தான் வழி. தேர்தல் அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு காலிப் பூப்பந்து டப்பாவை எடுத்து இரண்டு சீட்டுகளை அதில் போட்டுக் குலுக்கினார். ரோவினாவின் பெயர் வந்தது. நைஜல் முதல் ஆளாகக் கைதட்டினார். தோற்றால் அப்படித்தான் கைதட்ட வேண்டும்.

சிரிலைப் பறவை பார்க்கப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். பையில் இருந்த பஸ் பாஸை வைத்து அடையாளம் தெரிந்தது. ஈனிட் விசாரணையில், "அவராத்தான் நடந்து போனாரு. ஹிலரி பாவம், சாண்ட்விச் கூடக் கட்டிக் குடுத்தா" என்று சொன்னாள். விபத்து என்று முடித்துவிட்டீர்கள்.

அடக்கம் முடிந்து டீ கொடுத்தபோது சிரிலின் மகள் ஜேனெட் நைஜலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எப்பவும் உங்களுக்குத்தான் போடுவாரு, மிஸ்டர் ப்ளன்டல். ஜன்னல்ல இருந்த அந்த இளஞ்சிவப்புப் போஸ்டரா? ரோவினா வாசல்ல வந்து கேட்டாங்களாம். மூஞ்சிக்கு நேரா எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு ஒட்டிட்டாரு."

நான் கேக்கை நறுக்கிக்கொண்டிருந்தேன். மெதுவாக ஈனிட்டிடம் கேட்டேன், அன்று ஓட்டுப் போட முடியாமல் போனதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று.

"எங்களுக்கு என்ன கண்ணு, நாங்க தபால்லயே மூணு வாரம் முன்னாடி அனுப்பிட்டோமே."

"அப்ப எதுக்குக் கார்ல ஏறினீங்க?"

"நீ வாசல் வரைக்கும் வந்துட்டே. எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றாள் டோரீன்.

ஆக, அன்று நான் வீட்டிலேயே இருந்து தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால், நைஜல் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள்.

அன்று முதல் நைஜல் வீட்டில்தான் இருக்கிறார். மசாலா டப்பாக்கள் அகர வரிசையில் நிற்கின்றன. தக்காளிச் செடிகளுக்குத் துணைக்குழு அமைத்திருக்கிறார். இன்று காலை, பாத்திரம் கழுவும் முறை பற்றிய சிறப்புக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

அதனால் ஒளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கடல் ஏறும் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். கார் இஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. சிரில் பாதி வழி தாண்ட மாட்டார் என்று தெரிந்துதான் கோபுரத்தைக் காட்டினேன்.

இங்கே தனி அறை கிடைக்கும், கதவை நீங்களே வெளியிலிருந்து பூட்டிவிடுவீர்கள் என்கிறீர்கள். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். நைஜல் பார்க்க வந்தால் நான் யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ஆனால் பக்குவமாகச் சொல்லுங்கள், சார்ஜென்ட். மனிதருக்கு மனம் நோகக் கூடாது. என் வாழ்நாளில் நான் ஒருவரையும் நோகடித்ததில்லை.