பாலத்தின் நடுவே நின்ற வாக்கு

மேடையில் வீற்றிருக்கும் இரயில்வே தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த டான் சத்துர்னீனோ கோல்க்கே அவர்களின் துணைவியார் டோன்யா பசிலியா அவர்களே, பொலிவிய ஓட்டுநர் தோழர்களே, வணக்கம். நான் ரோசெந்தோ தோலாபா. அக்கரையிலிருந்து, அர்ஜென்டினா தரப்பிலிருந்து வந்திருக்கிறேன். இரு நாட்டு இரயில்வேப் பேச்சுவார்த்தையில் பதினோரு ஆண்டுகள் கோல்க்கேவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாதாடியவன்.

பொலிவிய இரயில்வேக்காகப் பேச்சுவார்த்தை நடத்தியவர் கோல்க்கே! அவர் கேட்டது என்ன? ராஜ்ஜியமா கேட்டார்? உங்கள் ஓட்டுநர் எல்லைப் பாலத்தின் நடுவே இறங்கி, எங்கள் ஓட்டுநருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. உங்கள் ஓட்டுநரே எங்கள் முதல் நிலையம் வரை, வெறும் ஆறு கிலோமீட்டர், ஓட்டிவரட்டும் என்றார். அந்த ஒற்றை ஷரத்துக்காக எத்தனை கூட்டம், எத்தனை கடிதம்!

ஒருமுறை வண்டி நான்கு மணி நேரம் உறைபனியில் நின்றது. மறுநாள் அவர் என்னிடம் கோபப்படவில்லை. "டான் ரோசெந்தோ, உங்க ஆளு எழுந்து, குளிச்சு, மீசையச் சீவிக்கிட்டு வர்ற வரைக்கும் எங்க ஜனம் பாலத்துல விறைச்சுக் கிடக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்னிவல் செவ்வாய். வழக்கம்போல எஞ்சினுக்குக் காகிதத் தோரணம் கட்டியிருந்தீர்கள். சோளத்தில் காய்ச்சிய சிச்சாவைக் குவளையில் நீட்டி, அந்த ஷரத்துக்குச் சம்மதமா என்று கோல்க்கே கேட்டார். பூமித்தாய் பச்சமாமாவுக்கு முதல் மிடறை மண்ணில் ஊற்றிவிட்டு மிச்சத்தை நான் குடித்தேன். அப்படி ஊற்றினால் என்ன பொருள் என்று இந்த மலைநாட்டில் பிறந்த எனக்கா தெரியாது? அது கொடுத்த வாக்கு. அவர் மகிழ்ந்துபோய், ஷரத்து முடிந்தது என்று உங்களிடம் வந்து சொன்னார்.

மறுநாள் காலை எங்கள் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது. ஒப்புக்கொள்ளக் கூடாது என்றார்கள். கூட்டத்தில் நான் எழுந்து, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுத வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்ததும், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்கு வேலை போகும். எனக்குப் பேர்தானே போகும், போகட்டும் விடுங்க," என்றார்.

போயிற்று. கனவில் கையெழுத்து வாங்கி வந்தவர் என்று நீங்கள் கேலி பேசினீர்கள். பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து நீக்கினீர்கள். சந்தையில் அவர் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். போன வாரம் அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் கல்லறைக் கூலியாட்கள் நால்வர். ஓட்டுநர் ஒருவரும் தோள் கொடுக்கவில்லை என்று டோன்யா பசிலியா சொன்னபோது நான் கூனிக் குறுகிப் போனேன்.

தோழர்களே, தவறு உங்களுடையது அல்ல. கோல்க்கே பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

வரும் திங்களன்று இரு நாட்டுக் கூட்டம் கூடுகிறது. இங்கே சொன்னதை அங்கேயும் சொல்லி, குறிப்பேட்டில் என் கையாலேயே திருத்தி எழுதுவேன். அந்த ஷரத்து நிறைவேறும்வரை ஓயமாட்டேன், பதவி போனாலும் சரி. இது என் உறுதி.

ஆனால் அம்மா, டோன்யா பசிலியா, இதை நான் சொல்லியிருக்க வேண்டிய நாள் இன்று அல்ல. அவர் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் சொல்லியிருக்க வேண்டும்.