மணல்திட்டில் சத்தம் கூடாது

தேநீரில் பாலேடு வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஹார்ம்ஸ். எங்கள் வீட்டில் கேட்காமலே ஊற்றிவிடுவோம். நீங்களும் இந்தக் கரையில் பிறந்தவர்தான், கலக்காமல் குடிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் இப்படி ஒரு தேநீர் கிடைக்காது என்றுதான் இங்கேயே பேசலாம் என்றேன்.

ஐலர்ட் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். கடல்நாய்களை எப்படி எண்ணுவது என்பதில் தொடங்கினால்தான் அது புரியும்.

கடல் வற்றும்போது மணல்திட்டுகள் தலைகாட்டும், கடல்நாய்கள் ஏறிப் படுக்கும். எண்ணுவதென்றால் அப்போதுதான். ஒரு தும்மல் போதும், மொத்தக் கூட்டமும் தண்ணீரில் இறங்கிவிடும். குட்டிகள் தாயைத் தவறவிட்டு அழும். அன்றைய வேலை பாழ். அதனால் திட்டருகே சத்தம் கூடாது. இத்தனை கோடைகளில் என்னிடம் வேலைக்கு வந்த எல்லோருக்கும் முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். கைபேசியைக்கூடப் படகிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வேன்.

எங்கள் தீவுக்குக் கிழக்கே ஒரு திட்டு, மேற்கே ஒன்று. கிழக்குத் திட்டுதான் முதலில் வெளிவரும். அங்கே எண்ணி முடித்து, படகில் தீவைச் சுற்றிக்கொண்டு மேற்கே போவேன். இரண்டையும் கூட்டினால் வருவது என் எண். எங்கே வலை போடலாம், எங்கே கூடாது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். இறால் பிடிக்கும் ரெம்மர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்தார்.

"ஃபென்னா எண்ணுற கடல்நாய்க்கெல்லாம் ரெக்கை இருக்குப்பா. அவ சொல்றதுல பாதிதான் நிசம்."

"உள்ள சரக்கு போனா எல்லாம் ரெண்டு ரெண்டாத்தானே தெரியும், ரெம்மர்? உங்களுக்கு மட்டும் எப்படிப் பாதியாத் தெரியுது?" என்றேன். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்கு வருவதில்லை.

ஐலர்ட் போன வருடம் என்னிடம் வேலைக்கு வந்தான். முப்பது வயது, நன்றாகப் படித்தவன், பணிவானவன். அவனை எனக்குப் பிடித்திருந்தது. கடல்நாய்கள் எங்கெங்கே போய்வருகின்றன என்று பார்ப்பதற்காக, வசந்தத்தில் சிலவற்றைப் பிடித்து முதுகு முடியில் எண் போட்ட ஆரஞ்சு வில்லைகளை ஒட்டினான். முடி உதிரும்போது வில்லையும் விழுந்துவிடும், அவற்றுக்கு வலியில்லை. கோடையில் ஒருநாள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து சொன்னான்.

"கிழக்குத் திட்டு ரொம்ப வத்துனதும் அதுங்க இறங்கி மேற்கே போயிடுதுங்க, ஃபென்னா. நீங்க சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள உங்களுக்கு முன்னாடி அங்க போய்ப் படுத்துக்கிடுதுங்க."

"எத்தனை?"

"கிட்டத்தட்ட மொத்தமும். அதையேதான் நீங்க ரெண்டு தரம் எண்ணியிருக்கீங்க. வருத்தப்படாதீங்க, யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். அடுத்த கூட்டத்துல நானே பதமாச் சொல்லிக்கிறேன்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் ஆறுதல் சொன்னான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது அதுதான். அவன் போன பிறகு ரெம்மர் சிரிப்பது என் காதில் கேட்டபடியே இருந்தது. அவமானமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

நானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று மேற்குத் திட்டுக்கு அழைத்தவன் அவன்தான். வில்லைகளில் உள்ள எண்களைப் படிக்க மணலில் வயிற்றால் ஊர்ந்து நெடுந்தூரம் போனான். நான் திட்டை ஒட்டி ஓடும் கடலோடைக்கு இப்பால் படகில் தொலைநோக்கியோடு இருந்தேன். ஆரஞ்சு முதுகுகள் எனக்கும் தெரிந்தன. காலையில் கிழக்கே நான் எண்ணியவைதான். பிறகு மூடுபனி இறங்கியது.

பனியில் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் தெரியும். படகில் இருப்பவர் ஹாரனை விடாமல் ஊத வேண்டும், மணலில் இருப்பவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கடல் ஏறும்போது முதலில் நிறைவது ஓடை, அதுவும் முதுகுக்குப் பின்னால். நான் ஊதியதாகத்தான் உங்களிடம் முதலில் சொன்னேன். ரெம்மரின் படகு பக்கத்தில் நின்றிருக்கிறது. ஹாரன் கேட்கவில்லை, ஆள் குரல்தான் கேட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு முறை அவர் சொல்வது சரி.

நான் ஊதவில்லை. திட்டருகே சத்தம் கூடாது என்பது நான் வைத்த விதி. அதை ஒருவனுக்காகத் தளர்த்தினால் இத்தனை வருட வேலைக்கு என்ன மரியாதை?

முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். "ஃபென்னா, ஹாரன் ஊதுங்க. எந்தப் பக்கம்னு தெரியல."

நான் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டேன்.

"விளையாடாதீங்க. இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு."

அவன் நன்றாக நீந்துவான். ஆனால் எந்தப் பக்கம் நீந்துவது என்று தெரிய வேண்டுமே. பிறகு வேறு மாதிரிக் குரலில் சொன்னான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல ஃபென்னா. சொல்லவும் மாட்டேன்."

கெட்டிக்காரன், புரிந்துகொண்டான். எனக்கு அப்போது அவன்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் விதி விதிதான். கடல்நாய்களைக் கலைக்கக் கூடாது.

என்ன கேட்டீர்கள்? அவன் கூப்பிட்டபோது திட்டில் எத்தனை கடல்நாய்கள் இருந்தன என்றா?

ஒன்றும் இல்லை, ஹார்ம்ஸ். இடுப்பளவு தண்ணீரில் அவை எங்கே படுக்கும்? ஒவ்வொன்றாக நழுவி இறங்கிய சத்தம் பனிக்குள் எனக்குக் கேட்டது. கடைசிச் சத்தமும் ஓய்ந்த பிறகுதான் ஐலர்ட் என்னைக் கூப்பிடத் தொடங்கினான். முழங்கால் வரை தண்ணீர் வந்திருக்கும், அதுவரை வாயைத் திறக்கவில்லை. விதியை மதித்துத்தான் காத்திருந்தான்.