மெஷின் கைக்குக் கீழே

— அழிச்சு அழிச்சு எழுதுற சிப்புன்னா, முழுசையும் உன் சர்க்யூட்டே முழுங்கலாமா? ஒரு மெஷின் கையை நிறுத்துறதுக்கு இவ்வளவு இடமா? இதுக்குப் பேரு சர்க்யூட்டா மருமகளே, குடோனா?

— சாதாரணமா எழுதுற புரோகிராமை என் கம்பைலரே சர்க்யூட்டா மாத்துது அத்தை. கொஞ்சம் இடம் எடுக்கத்தான் செய்யும்.

— புரோகிராம் எழுதுறவங்களுக்கெல்லாம் சர்க்யூட் ஆசை வந்துடுச்சு! கேட்டுக்கோ, ஒவ்வொண்ணையும் கையாலயே போட்டு வளர்ந்தவ நான். என்னோடது இதுல மூணுல ஒரு பங்குதான். என் பையன் சிப்புல எதை ஏத்தியிருக்கான்?

— உங்களோடதைத்தான்.

— பின்ன? கட்டிக்கிட்டது உன்னை, நம்புறது என்னை.

— அத்தை, நிறுத்துற சர்க்யூட்டை மூணு தடவை போட்டீங்கல்ல?

— ஆமா. ஒண்ணு கெட்டாலும் மத்த ரெண்டும் கையை நிறுத்திடும். இதெல்லாம் உன் கம்பைலருக்கு எங்க புரியப்போகுது.

— சிப்புல ஒண்ணுதான் இருக்கு.

— உளறாதே.

— மூணும் அச்சு அசலா ஒரே மாதிரி. ஒரே வேலைக்கு எதுக்கு மூணுன்னு சிப்புல ஏத்துற டூல் ரெண்டைத் தூக்கிடுச்சு. என் கம்பைலரும் மூணு போடும், மூணுக்கும் ‘தொடாதே’ன்னு குறியும் போட்டுடும். குடோன் மாதிரி இருக்கிறது அதனாலதான்.

— குறி நானும்தான் போட்டேன்! நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தர்றா.

— போட்டீங்க. அப்புறம் எடுத்துட்டீங்க. ஏன் அத்தை?

— ...உன்னோடதை விடச் சின்னதா காட்டணும்னு. டூல் ஓரமா கொஞ்சம் செதுக்கும்னு நினைச்சேன். ரெண்டை அப்படியே விழுங்கும்னு யாரு கண்டா? சரி, இப்ப என்ன, குடியா முழுகிடுச்சு?

— அவரு மெஷின் கைக்கு நேர் கீழ போய் நின்னுட்டாரு. மெஷின் வாங்க வந்தவங்களுக்கு, கை இடிக்காம தானா நின்னுடும்னு கீழ நின்னு காட்டணுமாம்.

— ஐயோ! பையன்...

— ஒண்ணும் ஆகல. மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுத்தான் ஓடி வந்தேன். கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்.

— என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?

— எதுக்கு?

— ...போ. உன்னோடதை ஏத்து.

— அவரு நிக்க மாட்டாரு அத்தை. ‘அம்மா போட்டதுன்னாத்தான் நிப்பேன்’னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.

— அவனை வெளிய வரச் சொல்லு. நீ ஏத்து. கீழ நான் நிக்கிறேன்.